கொசுவத்தைத் தூக்கிச் செருகிய கார்

அமெரிக்காவில் யூட்டா என்று ஒரு ராஜ்யம். அதன் தலைநகரான ஸால்ட் லேக் ஸிட்டியிலிருந்து தெற்கே சுமார் 220 மைல் போனால், பூமாதேவி தூக்கத்தில் ஒருமுறை புரண்டு படுத்தாளோ என்று எண்ணும்படி ஒரு மடிப்பு எழும்பி நிற்கிறது. கிட்டத்தட்ட 100 மைல் நீளம்! சிவப்பும் மஞ்சளும் வெள்ளையுமாகப் பாறை அடுக்குகள், பீரோவில் மடித்து வைத்த பட்டுப் புடவைகளைப் போல ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்து கிடக்கின்றன. மேலே இருக்கும் வெள்ளைப் பாறைகள் வாஷிங்டன் நகரத்துக் காபிடல் கட்டடத்தின் கூண்டைப் போல இருந்ததால் 'காபிடல்' என்றார்கள். நடுக்கடலில் கப்பலை மறிக்கும் பாறைத் தொடரைப் போல வழியை மறித்ததால் 'ரீஃப்' என்றார்கள். 1937-ல் தேசியச் சின்னமாகவும் 1971-ல் தேசியப் பூங்காவாகவும் ஆன காபிடல் ரீஃபுக்குப் பெயர்க் காரணம் இதுதான்.

வழியை மறிப்பது என்பது அந்த ஊருக்குப் பிறவிக் குணம். 1884-ல் எலைஜா கட்லர் பெஹுனின் என்ற குடியானவர், பாறைச் சுவர்களுக்கு நடுவே ஒரு குறுகலான பள்ளத்தில் உருண்டு கிடந்த கற்களைப் புரட்டி, முதன்முதலாக மாட்டு வண்டிக்கு வழி செய்தார். மூன்றரை மைல் வழிக்கு எட்டு நாள் பிடித்ததாம்! ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் கற்கள் மறுபடி வந்து அடைத்துக்கொள்ளும். மறுபடி புரட்ட வேண்டும். 1962-ல் ஆற்றங்கரையோரமாக நல்ல தார் ரோடு போடும்வரை, அந்தப் பள்ளம்தான் ராஜபாட்டை.

இப்போது பூங்காவின் நடுவே பட்டுப் போல ரோடு ஓடுகிறது. ஆனால் வடக்குக் கோடியில், கதீட்ரல் பள்ளத்தாக்கு என்ற பகுதிக்கு மட்டும் இன்னமும் மண் பாதைதான். சுமார் 58 மைல் சுற்று. தரைக்கும் காரின் அடிவயிற்றுக்கும் நல்ல இடைவெளி உள்ள வண்டியில்தான் போகலாம் என்பது பூங்காக்காரர்களின் சொல். ஸால்ட் லேக் ஸிட்டியில் படித்துக்கொண்டிருக்கும் என் தங்கை மகனுக்கு ஆசை பிறந்தது இந்த இடத்தில்தான்.

900 டாலர் பட்ஜெட்

அவனிடம் இருப்பது ஒரு பழைய ஜீப் செரோக்கி. 1984 முதல் 2001 வரை வந்த மாடலில் கடைசிக் காலத்து வண்டி. பார்த்தால் மலையையே தாண்டும் போலிருக்கும். ஆனால் நாலு சக்கரமும் இழுக்கும் ரகம் அல்ல. பின் சக்கரம் இரண்டும் தள்ளும். முன் சக்கரம் இரண்டும் திரும்புவதோடு சரி. நாலும் இழுக்கும் வண்டி வாங்கப் பணம் இல்லை. ஆகவே இருக்கிற வண்டியையே உயர்த்திவிடுவது என்று தீர்மானித்தான். கையில் 900 டாலர்.

மாத பட்ஜெட் போடும் எந்தப் பெண்மணியும் மெச்சும்படி அவன் கணக்கு எழுதியிருந்தான். பாதி தேய்ந்த, ஆனால் சற்றுப் பெரிய டயர்கள் நாலு: 360. நீளமான ஷாக் அப்ஸார்பர்கள்: 190. முன்பக்கத்துச் சுருள் ஸ்பிரிங்குகளின் தலையில் வைக்க இரண்டு அங்குலக் கட்டைகளும், பின்பக்கத்துப் பட்டை ஸ்பிரிங்குகளில் சேர்க்க ஆளுக்கு ஒரு பட்டையும்: 150. சக்கரங்களை நேராக்கும் அலைன்மென்ட்: 90. மிச்சம் 110. கூலி கிடையாது, நண்பன் வீட்டு ஷெட்டில் இரண்டு பேருமாக ஒரு சனி, ஞாயிறு.

"வண்டியின் உடலை மட்டும் சட்டத்திலிருந்து தூக்கி வைத்தால் செலவு இன்னும் குறையாதா?" என்று கேட்டார் என் கணவர்.

"இந்த வண்டிக்குச் சட்டம் தனி, உடல் தனி என்று கிடையாது பெரியப்பா. இரண்டும் ஒன்று. ஸ்பிரிங்கைத்தான் உயர்த்த முடியும்" என்றான்.

இரண்டு சக்கர வண்டியாக இருப்பதில் ஒரு சௌகரியமும் உண்டாம். நாலு சக்கரத்துக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி இதில் இல்லை. அதனால் என்ஜினிலிருந்து பின் அச்சுக்குப் போகும் தண்டு நீளமாக இருக்கிறது. நீளமான ஏணியைச் சுவரில் ஓரங்குலம் ஏற்றினால் சாய்வு அதிகம் தெரியாது அல்லவா? அது போல, வண்டி உயர்ந்தாலும் தண்டின் கோணம் அவ்வளவாக மாறாது, அதிர்வும் குறைவு.

சங்கடங்களும் இல்லாமல் இல்லை. முன் அச்சைப் பக்கவாட்டில் பிடித்திருக்கும் ஒரு தண்டு, வண்டி உயர்ந்ததும் அச்சைச் சற்று இடப்பக்கம் இழுத்துவிடுகிறது. அதைச் சரி செய்யவேண்டும். பிரேக் குழாய்கள் நீட்டத்துக்கு எட்டுகின்றனவா என்று பார்க்கவேண்டும். விளக்குகள் எதிரே வருகிறவர் கண்ணைக் குத்தாதபடி தாழ்த்தவேண்டும். டயர் பெரிதானால் வேகமானி உண்மையான வேகத்தைவிடக் குறைவாகக் காட்டும். உயர்ந்த வண்டி வளைவில் அதிகம் சாயும். ஆகவே வேகத்தையும் குறைக்கவேண்டும்.

உயர்ந்தது எது?

இரண்டு அங்குலம் உயர்த்திவிட்டால் வண்டிக்கு அடியில் இருப்பதெல்லாம் இரண்டு அங்குலம் உயர்ந்துவிடும் என்றுதான் நானும் என் கணவரும் நினைத்தோம். அப்படி இல்லை. பின் அச்சின் நடுவே பெரிய தேங்காய் போலப் பல்சக்கரப் பெட்டி ஒன்று தொங்குகிறது. ஸ்பிரிங்கின் மேலே கட்டை வைத்தால் உடல்தான் உயரும். தேங்காய் இருந்த இடத்திலேயே இருக்கும். டயர் பெரிதானால்தான் தேங்காய் உயரும். அதுவும் பாதிக் கணக்கு: டயரின் விட்டம் 28 அங்குலத்திலிருந்து 30 ஆனால், அச்சு ஓர் அங்குலம்தான் மேலே வரும். ஸ்பிரிங்கை உயர்த்துவதே பெரிய டயருக்கு இடம் கொடுக்கவும், வயிறு கல்லில் இடிக்காமல் இருக்கவும்தான்.

நான் எனக்குத் தெரிந்த பாஷையில் சொல்லிப் பார்த்தேன்: "ஏண்டா, ஆற்றில் இறங்கும்போது கொசுவத்தைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொள்கிறோமே, அது மாதிரி. புடவை நனையாது. ஆனால் பாசியில் கால் வழுக்கினால் வழுக்கத்தான் செய்யும்."

அவன் சிரித்தான். "ரொம்ப சரி, பெரியம்மா. வழுக்காமல் இருக்கத்தான் அந்த 110 டாலர்" என்றான். அந்தப் பணத்தில் ஒரு மண்வெட்டி, காற்றழுத்தம் பார்க்கும் கருவி, கார் பாட்டரியில் ஓடும் சின்னக் காற்றடிக்கும் பம்ப். மண் பாதையில் டயரின் காற்றை 32 பவுண்டிலிருந்து 20-க்கு இறக்கினால், டயர் சப்பாத்தி மாவு போலப் பரந்து தரையைப் பிடித்துக்கொள்ளும். தார் ரோடு வந்ததும் மறக்காமல் மறுபடி நிரப்பவேண்டும்.

ஆற்றைக் கடந்தோம்

ஆகஸ்ட் மாதக் கடைசியில் புறப்பட்டோம். டோரி என்ற சின்ன ஊரில் ஜாகை. மறுநாள் காலை பூங்காவின் ஆபீஸில் பாதையைப் பற்றி விசாரித்தோம். "காலையில் பாதை காய்ந்திருக்கிறது. பிற்பகல் இடிமழை வரலாம்" என்றார் அங்கிருந்த பெண்மணி. கோடை முடிவில் அங்கே அப்படித்தான்; காலையில் நீல வானம், பிற்பகலில் கொட்டு மழை.

ஆபீஸிலிருந்து கிழக்கே பன்னிரண்டு மைல் போவதற்குள் பாதை இடப்பக்கம் பிரிகிறது. பிரிந்த சற்று நேரத்துக்கெல்லாம் ஃப்ரிமான்ட் நதி. பாலம் கிடையாது; தண்ணீருக்குள் இறங்கித்தான் ஏறவேண்டும். சுற்றை மறுபக்கமிருந்து தொடங்கினால், நாள் முழுவதும் அலைந்துவிட்டுக் கடைசியில் இந்த ஆற்றங்கரையில் வந்து விழிக்க நேரலாம். ஆகவே ஆறு முதலில்.

"நீங்கள் இரண்டு பேரும் பின் ஸீட்டிலேயே உட்காருங்கள், பெரியம்மா. பின் சக்கரத்துக்குக் கனம் வேண்டும்" என்றான். என் உடம்பின் கனம் ஒரு காரியத்துக்கு உதவியது அதுதான் முதல் தடவை!

அடியில் கெட்டியான கூழாங்கல். முழங்காலுக்குக் குறைந்த தண்ணீர்தான். ஒரே சீராக, நிற்காமல், அவசரப்படாமல் ஓட்டினான். கதவுக்குக் கீழே சளசளவென்று சத்தம் கேட்டது. நான் தெரிந்த ஸ்தோத்திரத்தை எல்லாம் சொல்லி முடிப்பதற்குள் அக்கரை வந்துவிட்டது.

அதற்கு அப்பால் எட்டொன்பது மைலில், உலகத்தில் வேறெங்கும் பார்த்திராத குன்றுகள். ஊதா, சாம்பல், பச்சை, இளஞ்சிவப்பு என்று கோலப்பொடிக் கிண்ணங்களைக் கவிழ்த்து வைத்தாற் போல! எப்போதோ எரிமலைகள் கக்கிய சாம்பல் களிமண்ணாக மாறிய இடம். பென்டோனைட் என்று பெயர். காய்ந்திருக்கும்போது அப்பளம் போல மொறுமொறுப்பாக இருக்கிறது. ஒரு மழை பட்டால் ஊறி உப்பி, அரைத்த உளுந்து மாவாகிவிடும். நாலு சக்கரமும் இழுக்கும் வண்டிகூட அதில் திண்டாடும்.

அங்கே இறங்கி நின்றபோதுதான் மேற்கே பார்த்தோம். மலை உச்சிகளில் கன்னங்கரேலென்று மேகம். நாங்கள் கடந்து வந்த ஆறு அந்தத் திசையிலிருந்துதான் வருகிறது. தலைக்கு மேல் மழை பெய்யாவிட்டாலும், அங்கே பெய்தால் ஆறு பெருகும். முன்னால் களிமண், பின்னால் ஆறு.

எங்கள் யாருக்கும் பேச்சு வரவில்லை. இரண்டு மாதம் மிச்சம் பிடித்த பணம், ஒரு சனி ஞாயிறு உழைப்பு, 220 மைல் பிரயாணம். தேடி வந்த கோயில் போன்ற பாறைகள் இன்னும் பாதிச் சுற்றுக்கு அப்பால். வயசுப் பிள்ளை, "போய்ப் பார்த்துவிடலாம்" என்பான் என்றுதான் எதிர்பார்த்தேன். அவன் வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தான். பெரிய டயரை ஒருமுறை தட்டிக் கொடுத்தான். பிறகு, "திரும்பிவிடலாம், பெரியம்மா" என்றான்.

ஆற்றை மறுபடி கடக்கும்போது தண்ணீர் கலங்கத் தொடங்கியிருந்தது; ஆழம் கூடவில்லை. தார் ரோட்டில் நின்று டயருக்குக் காற்று நிரப்பும்போது முதல் துளி விழுந்தது. மாலையில் ரோட்டு ஓரமாக நின்று பார்த்தோம். அதே நதி, செங்கல் நிறத்தில், மரக்கிளைகளைப் புரட்டிக்கொண்டு ஓடியது. இரண்டு அங்குலம் அல்ல, இருபது அங்குலம் உயர்த்தியிருந்தாலும் அதில் இறங்கியிருக்க முடியாது.

பழத்தோட்டத்தில் இரண்டு நாள்

களிமண் காய இரண்டு நாள் ஆயிற்று. அந்த இரண்டு நாளும் ஃபுரூட்டாவில் கழிந்தன. பூங்காவுக்கு நடுவே, 1880-களில் மார்மன் மதத்தினர் குடியேறிய குக்கிராமம் அது. செர்ரி, ஆப்ரிகாட், பீச், பேரிக்காய், ஆப்பிள் என்று அவர்கள் வைத்த தோட்டங்கள் இன்னும் இருக்கின்றன. சுமார் 2,000 மரங்கள். பழுத்த காலத்தில் தோட்டத்துக்குள் நின்று தின்பதற்குக் காசு இல்லை. வீட்டுக்கு எடுத்துப் போவதற்குத்தான் எடை போட்டுக் காசு. 1908-ல் கட்டிய ஒரு பண்ணை வீட்டில் பழம் வைத்துச் சுட்ட பை விற்கிறார்கள். நம் சோமாசிக்கு அக்கா என்று சொல்லலாம்.

1896-ல் கட்டிய ஒற்றை அறைப் பள்ளிக்கூடத்தையும் பார்த்தோம். 1941 வரை அதில் பாடம் நடந்ததாம். ரோட்டோரத்தில் பெஹுனின் குடும்பம் வாழ்ந்த கல் குடிசையும் இருக்கிறது. ஒரே ஓர் அறை. பெரிய குடும்பம். வெள்ளம் வந்து பயிரை அடித்துக்கொண்டு போகவே, வெகு சீக்கிரத்தில் வேறு இடம் தேடிப் போய்விட்டார்கள். கல்லைப் புரட்டி வழி செய்த அதே மனிதர், தண்ணீருக்கு வழி விட்டு ஒதுங்கிப் போயிருக்கிறார்! அந்தக் குடிசை வாசலில் என் தங்கை மகன் வெகுநேரம் நின்றுகொண்டிருந்தான்.

சூரியன் கோயில்

மூன்றாம் நாள், ஆற்றின் பக்கமே போகவில்லை. பூங்கா ஆபீஸில் கேட்டுக்கொண்டு, இன்னும் கிழக்கே கெயின்வில் என்ற ஊர்ப் பக்கமிருந்து நுழைந்தோம். அந்த வழியில் ஆறு குறுக்கிடாது. மணலும் பள்ளமுமாகச் சுமார் 16 மைல். இரண்டு இடத்தில் அடிவயிற்றில் கல் உரசும் போலிருந்தது, உரசவில்லை. உயர்த்தியதன் பலன் அங்கேதான் தெரிந்தது. ஒரு மணல் மேட்டில் பின் சக்கரம் சுழன்றது. மண்வெட்டிக்கு வேலை வந்தது. கால் மணி நேரத்தில் புறப்பட்டோம்.

பிறகு திடீரென்று வெட்டவெளி. அதன் நடுவே சூரியன் கோயில், சற்றுத் தள்ளிச் சந்திரன் கோயில். மனிதர் கட்டியவை அல்ல. காற்றும் மழையும் செதுக்கிய செம்பாறைக் கோபுரங்கள். பக்கத்தில் கண்ணாடி போன்ற படிகங்களால் ஆன ஒரு சிறு மேடு வெயிலில் மினுமினுத்தது. கண்ணுக்கு எட்டிய தூரம் வேறு ஜனங்கள் இல்லை. தமிழ்நாட்டில் சுற்றாத கோயில் இல்லை நான். பூசாரியும் மணியும் இல்லாத சந்நிதியில் கை தானாகக் குவிந்தது அங்கேதான்.

போக விரும்புகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. பள்ளத்தாக்கில் பெட்ரோலோ குடிதண்ணீரோ கிடைக்காது. இரண்டையும் நிறைய எடுத்துக்கொள்ளுங்கள். புறப்படும் முன் ஆபீஸில் பாதையைப் பற்றிக் கேளுங்கள். வண்டியை உயர்த்தப் பணம் குறைவாக இருந்தால், முதல் செலவு டயருக்கு, அடுத்தது மண்வெட்டிக்கும் பம்புக்கும், கடைசியில்தான் ஸ்பிரிங்குக்கு.

ஊர் திரும்பும் வழியில் என் கணவர் கேட்டார்: "ஏம்பா, 900 டாலர் செலவில் எது ரொம்பப் பிரயோஜனப்பட்டது?"

"திரும்பிப் போனதுதான் பெரியப்பா. அதுக்குக் காசே ஆகலை!" என்றான் அவன்.