செயின் கேட்டாரா, திருத்தக் கேட்டாரா?

கண்டி மாவட்ட நீதிமன்றத்தில் நான் நடத்தியவற்றில் காணி வழக்கும் வாடகை வழக்குமே அதிகம். தேய்ந்த பல்லுச்சக்கரம் ஒன்றை மேசையில் வைத்து வாதாடியது ஒரே ஒரு வழக்கில்தான். ஆட்களின் பெயரைச் சொல்ல எனக்கு உரிமையில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

மாத்தளை வழியாக யாழ்ப்பாணம் போகும் ஏ9 பாதையும் குருநாகல் பக்கம் போகும் ஏ10 பாதையும் பிரியும் இடம் கட்டுகஸ்தோட்டை. பாதையோரம் கடைகள், அதற்கு மேலே சரிவில் வீடுகள், வீடுகளுக்கு நடுவே ஒடுங்கிய படிப்பாதைகள். இந்தச் சரிவுகளில் தண்ணீர்க் குழாய்க்கும் மின்வயருக்கும் கான் வெட்ட பெக்கோ உள்ளே போகாது. என் கட்சிக்காரர் துணை ஒப்பந்த வேலை செய்கிறவர். இதற்காகவே கையால் நடத்திச் செல்லும் கான் வெட்டும் மெஷின் ஒன்றைப் பாவித்த நிலையில் வாங்கியிருந்தார். நீண்ட கைபோன்ற பூமைச் சுற்றி ஒரு செயின் ஓடும். செயினில் வெட்டுப் பற்கள் இருக்கும். தலைப்பக்கம் இருக்கும் பல்லுச்சக்கரமான ஸ்ப்ரொக்கெட் அதை இழுக்கும், நுனியில் ஓர் உருளை அதைத் திருப்பிவிடும். வேறு சிக்கலான உறுப்பு எதுவுமில்லை.

ஆனால் கண்டி மண் இரும்பைத் தின்னும். உருமாறிய பழைய பாறைகள் உக்கி உண்டான மண் இது, குவார்ட்ஸ் மணல் நிறைந்தது. மழையில் நனைந்த அந்த மணல் செயினின் பின்னுக்கும் அதைச் சூழ்ந்த புஷ்ஷுக்கும் இடையில் புகுந்தால் அரைத்துக்கொண்டே இருக்கும்.

ஒருநாள் செயின் ஸ்ப்ரொக்கெட்டின் பல்லில் நிற்காமல் தாவத் தொடங்கியது. அவர் மெஷினை ஒரு கராஜில் கொண்டுபோய் விட்டார். கராஜ்காரர் செயினை மாற்றினார், இறுக்கத்தைச் சரிபார்த்தார், பணத்தை வாங்கினார். சில வாரங்களில் புதுச் செயினும் தாவியது. பிறகு அறுந்தது. அறுந்த வேகத்தில் நுனி உருளையும் போயிற்று. வேலை நின்றது. குறித்த திகதிக்கு முடிக்காததால் மேல் ஒப்பந்தக்காரர் பணத்தில் கழித்துக்கொண்டார்.

“அவர் செயின்தான் கேட்டார், செயின் போட்டேன்” என்பது கராஜ்காரரின் பதில். என் கட்சிக்காரரோ முதல் சந்திப்பிலேயே சொன்னார்: “சேர், நான் செயின் கேக்கல. மெஷின் வெட்டுதில்ல, பாத்து சரி பண்ணுங்கன்னுதான் குடுத்தேன்.”

வழக்கு முழுவதும் இந்த இரண்டு வாக்கியங்களுக்கு இடையில்தான் நடந்தது. 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் இங்கிலாந்தின் 1893ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பின்பற்றி எழுதப்பட்டது. அதன் 15ஆம் பிரிவு சொல்வதன் சாரம் இது: வாங்குபவர் தன் தேவையை விற்பவருக்குத் தெரியப்படுத்தி, அவருடைய திறமையை நம்பி வாங்கினால், பொருள் அந்தத் தேவைக்குப் பொருந்த வேண்டும் என்பது சொல்லாமலே ஒப்பந்தத்தில் அடங்கும். கடைக்குப் போய் இன்ன அளவுச் செயின் என்று கேட்டு வாங்கினால் நம்பிக்கை என்ற பேச்சு பலமிழக்கும். கோளாறைச் சொல்லி மெஷினையே ஒப்படைத்தால் நிலைமை வேறு. அதோடு இது வெறும் விற்பனையுமல்ல, வேலையும் சேர்ந்தது. நமது பொதுச் சட்டமான ரோமன்-டச்சுச் சட்டம், ஒரு தொழிலை ஏற்றவர் அந்தத் தொழிலுக்குரிய அறிவோடு அதைச் செய்யவேண்டும் என்கிறது. அந்த அறிவு இல்லாமையே கவனயீனமாக எண்ணப்படும்.

கோரிய தொகை 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்க மத்தியஸ்த சபைகள் சட்டத்தின் எல்லைக்குள் இருந்ததால் முதலில் மத்தியஸ்த சபைக்குத்தான் போனோம். சபையினர் பொறுமையாகக் கேட்டார்கள், இணக்கம் வரவில்லை. அதற்கான சான்றிதழோடு மாவட்ட நீதிமன்றத்துக்கு வந்தோம்.

எங்களிடம் இருந்த ஒரே எழுத்து, கராஜ் தந்த பற்றுச்சீட்டு. அதில் செயினின் விலை ஒரு வரியிலும் திருத்தக் கூலி இன்னொரு வரியிலும் இருந்தன. திருத்தக் கூலி என்ற வரி எனக்கு உதவும் என்று தெரிந்தது. ஆனாலும் அதைவிடப் பெரிய சாட்சி ஒரு சாக்கில் கிடந்தது. பழைய இரும்புக்காரருக்கு விற்கலாமென்று என் கட்சிக்காரர் பழைய செயினை வீட்டில் வைத்திருந்தார். அறுந்த புதுச் செயினும் ஸ்ப்ரொக்கெட்டும் அதோடு இருந்தன. சாட்சி ஒருவர் ஒரு பொருளின் நிலையைப் பற்றிப் பேசும்போது அந்தப் பொருளையே கொண்டுவரச் சொல்லி நீதிமன்றம் பார்வையிட, சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 60ஆம் பிரிவு இடம் தருகிறது. கொண்டுவந்தோம்.

அதே கட்டளைச் சட்டத்தின் 45ஆம் பிரிவின்கீழ் நிபுணராக நான் அழைத்தவர் இயந்திரப் பொறியியல் கற்பித்து ஓய்வுபெற்ற ஒருவர். அவர் சாட்சிக்கூண்டில் நின்று விளக்கிய விதத்தை இன்றும் மதிப்போடு நினைக்கிறேன். செயின் ‘நீண்டுவிட்டது’ என்று எல்லோரும் சொல்கிறோம், உண்மையில் தகடு இழுபடுவதில்லை என்றார். ஒவ்வொரு பின்னும் ஒவ்வொரு புஷ்ஷும் சிறிது சிறிதாகத் தேய, அந்த இடைவெளிகள் எல்லாம் கூடி நீளமாகத் தெரிகிறது. இந்த மெஷினின் செயினில் ஒரு பின்னிலிருந்து அடுத்த பின் வரை இடைவெளி 42 மில்லிமீற்றர். பத்து இடைவெளி 420 இருக்கவேண்டும். செயின்கள் நூற்றுக்கு மூன்று நீண்டால் கழிக்கவேண்டும் என்பது பொதுவான கணக்கு. அதாவது 432, 433இல் அதன் ஆயுள் முடிந்தது. செயினை இறுக்கிப் பிடித்து சாதாரண இரும்பு அடிமட்டத்தை வைத்தார். பழைய செயின் அந்த எல்லையை எப்போதோ தாண்டியிருந்தது. சில வாரமே ஓடிய புதுச் செயினும் எல்லையைத் தொட்டிருந்தது.

ஏன் இவ்வளவு வேகம்? நீண்ட செயினோடு சேர்ந்தே ஓடிய பல்லும் அந்த நீளத்துக்கு ஏற்றபடி தேய்ந்து, நுனி கொக்கிபோல் வளைந்துவிடுகிறது. அதில் புதுச் செயினைப் போட்டால் அளவு பொருந்தாது. பல பற்கள் பகிர்ந்து தாங்கவேண்டிய இழுவையை ஒன்றிரண்டு பற்கள் தாங்கும். செயின் பல்லின் முதுகில் ஏறும், தாவும், தேயும். தேய்ந்த பல்லில் புதுச் செயின் போடுவது செயினை வீணாக்குவது. இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும் என்றார்.

எதிர்த்தரப்புச் சட்டத்தரணி திறமைசாலி. கராஜ்காரர் சாட்சி சொல்லும்போது புதிய விடயம் ஒன்றை வெளிக்கொணர்ந்தார். மெஷின் ஒரே திசையில் வெட்டுவதால் பல்லின் ஒரு பக்கமே தேயும். ஆகவே ஸ்ப்ரொக்கெட்டைக் கழற்றித் திருப்பிப் போட்டால் தேயாத பக்கம் வேலைக்கு வரும். தான் அப்படித் திருப்பிப் போட்டதாகக் கராஜ்காரர் சொன்னார். பொய்யில்லை, கராஜ்களில் நடப்பதுதான். சக்கரத்தின் இரு முகமும் ஒரே அமைப்பில் இருந்தால் அது நல்ல உத்தியும்கூட.

குறுக்கு விசாரணையில் என் கேள்விகள் குறைவு.

“ஏன் திருப்பிப் போட்டீர்கள்?”

“ஒரு பக்கம் தேய்ந்திருந்தது.”

“கழற்றிக் கையில் எடுத்தபோது மற்றப் பக்கத்தையும் பார்த்தீர்களா?”

“பார்த்தேன்.”

அப்போது சக்கரத்தை அவர் கையில் கொடுத்தேன். பல்லின் இரண்டு பக்கமும் தேய்ந்து முள்போலக் கூர்ந்திருந்தது. முந்திய உரிமையாளர் காலத்திலேயே ஒருமுறை திருப்பப்பட்ட சக்கரம் அது. சில வார ஓட்டத்தில் இத்தனை இரும்பு போகாது என்று நிபுணர் ஏற்கெனவே சொல்லியிருந்தார்.

“இதை உரிமையாளரிடம் சொன்னீர்களா?”

“அவர் செயினைத்தான் கேட்டார் சேர்.”

கேட்டது செயின் மட்டும் என்றால் ஸ்ப்ரொக்கெட்டைக் கழற்றத் தேவை இருக்கவில்லை. கழற்றியதே மெஷினைப் பார்த்துத் திருத்த ஏற்றுக்கொண்டதற்குச் சான்று, தேய்வை அறிந்திருந்தார் என்பதற்கும் சான்று. இதையே என் வாதமாக வைத்தேன்.

ஆனால் எங்கள் பக்கமும் ஓர் ஓட்டை இருந்தது. புதுச் செயின் தாவத் தொடங்கிய பிறகும் என் கட்சிக்காரர் மெஷினை நிறுத்தவில்லை. திகதி நெருங்குகிறதென்று தொடர்ந்து வெட்டினார். நட்டம் பெருகாமல் தடுப்பது நட்டஈடு கேட்பவரின் பொறுப்பு. எதிர்த்தரப்பு அதைச் சரியாகவே பிடித்தது. நுனி உருளை உடைந்ததும் ஒப்பந்தப் பணம் கழிபட்டதும் அந்த நாட்களின் விளைவு என்றார்கள். என்னால் அதை முழுதாக மறுக்க முடியவில்லை.

நீதிபதி இரு தரப்பையும் பேசிப் பார்க்கச் சொன்னார். குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 408ஆம் பிரிவின்கீழ் இணக்கம் பதிவானது. வீணான செயினின் விலையையும் திருத்தக் கூலியையும் கராஜ்காரர் திருப்பித் தருவார். புதிய ஸ்ப்ரொக்கெட்டை அவரே செலவில்லாமல் பொருத்துவார். ஸ்ப்ரொக்கெட்டின் விலை என் கட்சிக்காரருடையது, எப்படியும் அவர் வாங்கியிருக்க வேண்டிய பொருள். உருளைக்கும் ஒப்பந்த நட்டத்துக்குமான கோரிக்கையைக் கைவிட்டோம்.

கைவிட்டதில் அவருக்கு மனக்குறை. மெஷினை நிறுத்தாத அந்த நாட்களை மீண்டும் எடுத்துச் சொன்னேன். சிறிது யோசித்துக் கையொப்பமிட்டார்.

இணக்கத்தில் முடிந்ததால், கேட்கப்படாத உறுப்பின் தேய்வைப் பற்றி வாய்திறக்கும் கடமை திருத்துபவருக்கு உண்டா என்ற கேள்விக்குத் தீர்ப்பு எழுதப்படவில்லை. உண்டு என்றே நான் எண்ணுகிறேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், ஸ்ப்ரொக்கெட்டை மாற்றுவதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் பொறுப்பு உரிமையாளரிடம் போயிருக்கும். அவர் பக்கம் நின்ற எனக்கு அதன்பின் இந்த வழக்கில் வாதிட ஒன்றும் இருந்திருக்காது.