சலுகையும் புறனடையும்

சலுகை என்ற சொல்லைக் கேட்டதும் கொடுப்பவனுடைய தாராளமே எம் மனத்தில் முந்தி நிற்கின்றது. கொடுத்த கை எதைத் திரும்பக் கேட்கின்றது என்பதை நாம் பெரும்பாலும் கவனிப்பதில்லை. பிரித்தானியாவில் 'ரெயில்கார்ட்' என வழங்கும் புகையிரதச் சலுகை அட்டையின் நிபந்தனைகளை அண்மையில் வாசிக்க நேர்ந்தபோது இவ்வுண்மை எமக்கு நன்கு புலப்பட்டது.

எம்மிடம் உயர்தர வகுப்பில் தமிழ் பயின்ற மாணவி ஒருத்தி இன்று வட இங்கிலாந்தில் உயர்கல்வி கற்கின்றாள். காலையில் பகுதிநேர வேலை, பின்னர் விரிவுரை. அட்டையை வாங்குமுன் அதன் நிபந்தனைகளை எமக்கு அனுப்பி, "சேர், நன்னூல் படிப்பிச்ச உங்களுக்குத்தான் விதியும் புறனடையும் பிடிபடும், ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோ" என்று எழுதியிருந்தாள். நாம் வாசித்தோம். விதி ஒரு வரி. புறனடைகளோ பக்கம் பக்கமாக நீண்டன.

விதி இதுதான்: 16 முதல் 25 வயது வரையுள்ளோர் அட்டையை வாங்கினால் பெரும்பாலான கட்டணங்களில் மூன்றிலொரு பங்கு குறையும். 2025 மார்ச்சில் அதன் ஆண்டு விலை 30 பவுணிலிருந்து 35 பவுணாக உயர்ந்தது. அன்று அரசுடைமையாயிருந்த புகையிரத நிர்வாகம் 1974இல் மாணவருக்கென இதனைத் தொடங்கியது. கருணை மட்டும் அதன் காரணமன்று. நெரிசலற்ற வேளைகளில் வெறுமையாய் ஓடும் இருக்கைகளை நிரப்புவதும் அதன் நோக்கமாயிருந்தது. ஆகவே தொடக்கத்திலேயே சலுகையோடு வியாபாரக் கணக்கும் ஒட்டிக்கொண்டது.

அக்கணக்கு வெளிப்படும் இடம் காலை வேளை. வார நாள்களில் காலை 4.30 முதல் 10 மணி வரை, குறைத்த கட்டணம் 12 பவுணுக்குக் கீழே இறங்கலாகாது என்பது 2024இல் இவ்வட்டைக்கு இருந்த நிபந்தனை. குறுந்தூரம் செல்பவருக்கு இதன் பொருள், அவ்வேளையில் சலுகையே இல்லை என்பதுதான். பத்து மணிக்கு முன் புகையிரதம் ஏறுபவர் யார்? வேலைக்கும் வகுப்புக்கும் செல்பவர். ஓய்வுள்ளவர் பத்து மணிக்குப் பின்னும் புறப்படலாம். யூலை, ஓகஸ்ட் மாதங்களில் இந்நிபந்தனை இல்லை. அவை பல்கலைக்கழகங்களின் விடுமுறை மாதங்கள்!

2024இல் 22 வயதுப் பட்டதாரி ஒருவர் இந்நிபந்தனையை அறியாது காலையில் பயணஞ் செய்தார். குறைந்த தொகை 1 பவுண் 90 பென்ஸ். அதற்காக அவர்மீது வழக்குத் தொடரப்படும் என்று எச்சரிக்கப்பட்டது. செய்தி பரவியதும் கண்டனம் எழுந்தது, வழக்கு கைவிடப்பட்டது. நாட்டின் புகையிரத ஒழுங்குபடுத்தல் அமைப்பு விசாரணை செய்து 2025 யூனில் அறிக்கை வெளியிட்டது. கட்டண முறையின் சிக்கலால் அறியாது தவறுவோரும் கடுமையாகத் தண்டிக்கப்படுகின்றனர் என்பதை அவ்வறிக்கை ஒப்புக்கொண்டது.

இச்சிக்கலின்மேல் இன்னொன்று ஏறியுள்ளது. அட்டையைப் புகையிரத நிலையத்தில் மட்டுமன்றி இடைத்தரகு நிறுவனங்களின் செயலிகளிலும் வாங்கலாம். வங்கிகளும் கடைகளும் தம் வாடிக்கையாளரைக் கவர்வதற்கு அதை இலவசமாகவோ கழிவு விலையிலோ வழங்குகின்றன. இங்கே தனியொரு நிபந்தனைக் கோவை பிறக்கின்றது. கழிவுக் குறியீடு ஒருமுறை மட்டுமே செல்லும். குறித்த திகதிக்குள் பாவிக்கவேண்டும். நிலையத்துச் சாளரத்தில் அது செல்லாது.

எம் மாணவி அவ்வாறான கழிவிலேயே அட்டையை வாங்கினாள். அது விற்றவரின் செயலிக்குள் மட்டும் இருந்தது. ஒருநாள் தொலைபேசியின் மின் தீர்ந்தது. பயணச்சீட்டு கையில் இருந்தது. அட்டையோ அணைந்த கருவிக்குள். தண்டம் விதிக்கப்பட்டது. இங்கிலாந்தில் 2023 சனவரி தொடக்கம் தண்டம் 100 பவுணும் பயணக் கட்டணமும். 21 நாள்களுக்குள் செலுத்தினால் 50 பவுணும் கட்டணமும். 2025இன் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12 பவுண் 21 பென்ஸ். அவளுடைய நான்கு மணி நேரத்துக்கு மேற்பட்ட உழைப்பு அவ்வொரு கணத்தில் போயிற்று. மேன்முறையீடு செய்யலாம், அதற்கும் ஒரு படிவம், ஒரு திகதி, ஒரு நிபந்தனை.

விற்றவருக்குத் தரகு கிடைத்தது. பரிசோதகர் தம் கடமையைச் செய்தார். நிபந்தனை எழுதியவர் எங்கோ இருக்கின்றார். மூவரில் எவரும் குற்றவாளியல்லர். தண்டம் செலுத்தியவள் மட்டுமே குற்றவாளி! பொறுப்பைப் பல கைகளில் பகிர்ந்துவிட்டு நட்டத்தை ஒரு கையில் வைப்பதே இவ்வமைப்பின் சாமர்த்தியம்.

இவையெல்லாம் தனியாரின் பேராசை என்று நாம் சொல்லி முடித்துவிடலாம். ஆனால் உண்மை அத்துணை எளிதன்று. 1 பவுண் 90 பென்ஸுக்காக எச்சரித்த நோர்தேர்ண் நிறுவனம் 2020 மார்ச்சிலேயே அரசின் கைக்கு வந்துவிட்டது. உடைமை மாறியது, விதிப்புத்தகம் மாறவில்லை. பொதுவுடைமையை வேண்டுவோர் சிந்திக்கவேண்டிய இடம் இது. மக்களின் சொத்தாகிய பின்னும் மக்களைச் சந்தேகத்தோடு நோக்கும் விதிகள் நீடிக்குமாயின், பெயர்ப்பலகையை மாற்றியதற்கு மேல் நாம் எதைச் சாதித்தோம்?

எம் நாட்டில் பாடசாலை மாணவர் அதிபரின் உறுதிப்படுத்தலோடு பேருந்துப் பருவச்சீட்டுப் பெறுகின்றனர். பேருந்து நேரத்துக்கு வருவதில்லை என்ற முறைப்பாட்டை நாள்தோறும் கேட்கின்றோம், அது நியாயமானதே. எனினும் அச்சீட்டில் ஒரு நேர்மை உண்டு. அது காலையில் செல்லும். ஏனெனில் பாடசாலை காலையில் தொடங்குகின்றது. இடையில் வியாபாரி எவரும் இல்லை. மாணவன் என்பதே அதன் தகுதி.

உரிமை தகுதியைக் கேட்கும். வியாபாரச் சலுகை விழிப்பைக் கேட்கும். சற்றுக் கண்ணயர்ந்தால் கொடுத்ததைப் பன்மடங்காகத் திரும்ப வாங்கிவிடும். கழிவு விலை, இலவசம் என்னும் சொற்களோடு எம் இளைஞரை அணுகும் ஒவ்வொரு அட்டையையும் புறனடையிலிருந்து வாசிக்க அவர்களைப் பழக்குவது ஆசிரியராகிய எமது கடமை. ஆனால் புறனடையே தேவைப்படாத எளிய விதியைக் கேட்டுப் போராடுவது எம் எல்லோரதும் கடமையாகும்.