தாலிக்கு முன்னால் ஒரு கேள்வி



மலருக்குக் கட்டுரை கேட்டார்கள். "செராமிக்கைப் பத்தி மட்டும் எழுதாதேப்பா, மூணு வருஷமா அதைத்தானே படிக்கிறோம்" என்று கண்டிஷன் வேறு! சரி, சினிமாவைப் பற்றி எழுதுகிறேன். ஆனால் கடைசியில் சூளைக்குத்தான் வந்து நிற்பேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கல்யாணத்தில் நிம்மதி இல்லாதவர்கள் அதற்கு வெளியே அன்பைத் தேடிப் போவது அழ வேண்டிய விஷயம். நம் தமிழ் சினிமாவோ அதை வைத்தே நம்மை வயிறு குலுங்கச் சிரிக்க வைத்திருக்கிறது. பாலுமகேந்திராவின் 'சதி லீலாவதி' (1995) நினைவிருக்கிறதா? மனைவி கல்பனா குண்டாக இருக்கிறார் என்று ரமேஷ் அரவிந்த் ஹீராவைத் தேடிப் போவார். நடுவில் மாட்டிக்கொண்டு கொங்குத் தமிழில் முழிப்பார் டாக்டர் கமல். கூடவே கோவை சரளா. சிரிப்புக்குக் கேட்கவா வேண்டும்! முடிவில் கணவன் வீட்டுக்குத் திரும்பி வருவான். சுபம்.

வெளியே மனசைக் கொடுத்தவன் ஆணாக இருந்தால் காமெடி. பெண்ணாக இருந்தால்?

அதற்குத்தான் 1981-ல் கே.பாக்யராஜ் 'அந்த 7 நாட்கள்' எடுத்தார். காதலித்தவனைப் பிரித்து, வசந்தியை (அம்பிகா) கட்டாயமாக டாக்டர் ஆனந்துக்கு (ராஜேஷ்) கட்டி வைக்கிறார்கள். முதலிரவிலேயே அவள் விஷம் குடிக்கிறாள். காப்பாற்றிய டாக்டர், கதையைக் கேட்டுவிட்டு, "என் அம்மா இன்னும் ஒரு வாரம்தான் இருப்பார்கள், அதுவரை பொறுத்துக்கொள், நானே உன்னை உன் காதலனிடம் சேர்க்கிறேன்" என்கிறார். அந்தக் காதலன்தான் ஆர்மோனியமும் கையுமாக அலையும் பாலக்காட்டு மாதவன். அவனோடு சிஷ்யப்பிள்ளை காஜா ஷெரீப். இத்தனை சோகத்துக்கு நடுவிலும் தியேட்டரைக் கலகலப்பாக்கியது இந்த ஜோடிதான். கடைசியில் மாதவன், அடுத்தவர் கட்டிய தாலியைத் தாண்டி வரமாட்டேன் என்று ஒதுங்கிப் போகிறான். படம் பெரிய வெற்றி. 1983-ல் இந்தியில் 'வோ சாத் தின்' என்று அனில் கபூர் நடித்து வந்தது.

போன மாசிமகத்தின்போது எங்கள் ஸ்ரீமுஷ்ணம் வீட்டில் டி.வி.யில் இந்தப் படம் ஓடியது. கிளைமாக்ஸில் பெரியவர்கள் எல்லோரும் "மனுஷன்னா இவன்தான்யா!" என்றார்கள். என் பெரியம்மா மகள், எனக்கு அக்கா, அவள் மட்டும் பேசவில்லை. அப்புறம் என்னிடம் மெதுவாகச் சொன்னாள்:

"ஏழு நாள் கழிச்சு எல்லாரும் நியாயம் பேசறாங்கடா. கல்யாணத்துக்கு முன்னாடி அந்தப் பொண்ணை ஒரு வார்த்தை கேட்டிருந்தா, இந்த ஏழு நாளே வேண்டாமே!"

அக்காவின் கணவர் குடிக்கிறவர் இல்லை, அடிக்கிறவரும் இல்லை. அவர் மனசு வேறொரு பெண்ணிடம் இருந்தது. வீட்டுக்குப் பயந்து அக்கா கழுத்தில் தாலி கட்டினார். இரண்டு வருஷம் ஒரே வீட்டில் இரண்டு விருந்தாளிகள் மாதிரி இருந்தார்கள். "அவரையும் கேட்கல, என்னையும் கேட்கல, ஜாதகத்தைத்தான் கேட்டாங்க" என்பாள். அவர் மேல்கூட அவளுக்குக் கோபம் இல்லை. இருவரும் பேசி, சேர்ந்தே கோர்ட்டில் மனு போட்டிருக்கிறார்கள். இந்துத் திருமணச் சட்டத்தில் இந்தப் பரஸ்பர சம்மத விவாகரத்து 1976-லேயே வந்துவிட்டது. அதாவது, மாதவனும் வசந்தியும் திரையில் கலங்கி நிற்பதற்கு ஐந்து வருஷம் முன்பே! சட்டம் கதவைத் திறந்துவிட்டது. தெருதான் இன்னும் திறக்கவில்லை. "ஏம்மா, அனுசரிச்சுப் போகக்கூடாதா?" என்று கேட்காத ஆள் இல்லை. அக்கா பதில் சொல்வதில்லை. காலையில் என்னோடு அதே விருத்தாசலம் பஸ்ஸில் ஏறி, டி.என்.பி.எஸ்.சி. கோச்சிங்குக்குப் போகிறாள்.

இப்போது சூளைக்கு வருவோம். பாடியைவிடக் கிளேஸ் அதிகமாகச் சுருங்கினால் என்ன ஆகும்? கிரேசிங்! வலை வலையாக விரிசல். சில சமயம் சூளையிலிருந்து எடுக்கும்போது பளபளவென்றுதான் இருக்கும். பாடி ஈரத்தை உறிஞ்சி மெல்ல விரிய விரிய, மாதங்கள் கழித்து விரிசல் தெரியும். குற்றம் மண்ணிலும் இல்லை, கிளேஸிலும் இல்லை. இரண்டும் பொருந்துமா என்று முதலில் பார்க்காத நம்மிடம்தான். சாதாரண டீ கப்புக்கே டெஸ்ட் பீஸ் போட்டுப் பார்க்காமல் முழு லோடையும் சூளையில் ஏற்றமாட்டோம். அக்கா தங்கை வாழ்க்கைக்கு மட்டும் அது வேண்டாமா?

நண்பர்களே, நம்மில் பலர் வீட்டில் இன்றைக்கோ நாளைக்கோ வரன் பேசுவார்கள். பத்திரிகை அடிக்கப் போகும் முன், "உனக்குச் சம்மதமா?" என்று அவளைத் தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள். மாப்பிள்ளையையும் கேட்கச் சொல்லுங்கள். "இல்லை" என்று பதில் வந்தால் அவள் பக்கம் நில்லுங்கள். படத்தில் மாதவன் செய்தது பெரிய தியாகம்தான். அப்படி யாரும் தியாகம் செய்ய வேண்டிய நிலைமையே வராமல் பார்த்துக்கொள்வது நம்மால் ஆகிற காரியம்.

அன்புடன்,
ஸ்ரீமுஷ்ணத்தான்
இறுதியாண்டு, செராமிக் பிரிவு