ஹெல்மெட்டைக் கழற்றினால்

‘கிரீஸ் 2’ 1982-இல் வந்த ஹாலிவுட் நகைச்சுவைப் படம். கதை நடப்பது 1961-இல். ரைடல் பள்ளிக்கு இங்கிலாந்திலிருந்து வரும் மைக்கேல் யாரோடும் ஒட்டாதவன். அவன் விரும்பும் ஸ்டெஃபனிக்கோ பைக் ஓட்டுகிறவன்தான் வேண்டும். பைக் கும்பல் பையன்களுக்குக் காசுக்குக் கட்டுரை எழுதிக்கொடுத்துப் பைக் வாங்குகிறான். ஹெல்மெட்டும் கண்ணாடியும் முகத்தை மறைக்க, பள்ளியே வியக்கும் வீரனாகிறான். கடைசியில் முகம் காட்டுகிறான். கும்பல் ஜாக்கெட் கொடுத்துச் சேர்த்துக்கொள்கிறது.

சிரித்துத்தான் பார்த்தோம். ஆனால், சாதிப் பேச்சு வந்தாலே ஊர்ப்பெயரைக்கூட மறைக்கும் மாணவர்களோடு வேலை செய்கிறோம். முகம் தெரிந்தால் ஜாக்கெட் கிடைப்பது யாருக்கு, அடி கிடைப்பது யாருக்கு என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

அதே 1961-இல், மே 4 அன்று, கறுப்பரும் வெள்ளையருமாக 13 பேர் வாஷிங்டனில் பேருந்து ஏறித் தெற்கே போனார்கள். அலபாமாவில் ஒரு பேருந்தைக் கும்பல் கொளுத்தியது. பயணம் நிற்கக் கூடாதென்று நாஷ்வில் மாணவர்கள் அடுத்த பேருந்தில் ஏறினார்கள். யாரும் முகத்தை மறைக்கவில்லை.

படத்தின் 1961-இல் இவர்கள் இல்லை. மைக்கேல் சேர்ந்த பிறகும் கும்பல் அப்படியே இருக்கிறது. இந்த மாணவர்களோ ஜாக்கெட் கேட்கவில்லை, விதியை மாற்றச் சொன்னார்கள். அந்த நவம்பரிலேயே, மாநிலம் விட்டு மாநிலம் போகும் பேருந்துகளிலும் நிலையங்களிலும் நிறப் பிரிவினைக்குத் தடை நடைமுறைக்கு வந்தது.

தோழர்களே, நாம் கேட்க வேண்டியது எது?