நோன்பு லீவுக்குப் பிறகு வராத நாலு பிள்ளைகள்



கொடகவெல ஊர் மக்களே, ராக்வானை, கஹவத்தை பக்கத்திலிருந்து இதை வாசிக்கும் சகோதர சகோதரிகளே, இது கொஞ்சம் நீளமான பதிவு. வேலையெல்லாம் முடிந்த பிறகு ஆறுதலாக வாசியுங்கள். யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. குறை சொல்வதென்றால் முதலில் ஆசிரியர்களாகிய எங்களைத்தான் சொல்ல வேண்டி வரும். அதையும் கீழே எழுதியிருக்கிறோம்.

நோன்பு விடுமுறை முடிந்து பாடசாலை தொடங்கிய முதல் நாள் பத்தாம் தரத்தில் இடாப்புக் கூப்பிட்டோம். நாலு பெயருக்குப் பதில் வரவில்லை. பெருநாள் களைப்பாக இருக்கும் என்று விட்டுவிட்டோம். இரண்டாவது வாரமும் அந்த நாலு பேரும் இல்லை. மூன்றாவது வாரம்தான் விசாரித்தோம்.

இரண்டு மகன்மார் கொழும்பில், புறக்கோட்டைப் பக்கம் துணிக்கடையில். பெருநாள் வியாபாரத்துக்கு ஒரு மாதம் நின்று வருவோம் என்று போனவர்கள், அப்படியே நின்றுவிட்டார்கள். மூன்றாவது மகன் மாமாவோடு கல் குழிக்குப் போகிறான். நாலாவது ஒரு மகள். வீட்டில் இருக்கிறாள்.

கொழும்புக்குப் போன ஒரு மகனின் வீட்டுக்கு ஒரு நாள் அஸருக்குப் பிறகு நாங்கள் இரண்டு ஆசிரியர்கள் போனோம். வாப்பா கூலி வேலைக்குப் போயிருந்தார். உம்மா பிளேன்டீ ஊற்றித் தந்தார். கல்வியின் பெருமையைப் பற்றிச் சொல்வதற்கு வழியெல்லாம் பேசித் தயார்படுத்திக்கொண்டுதான் போயிருந்தோம். உம்மா சொன்னது இதுதான்:

"என்ன சேர் செய்யிற, நாங்க சொன்னா அவன் கேக்கிறல்ல. மொத மாசச் சம்பளத்த வாப்பாட கைல கொண்டு வந்து குடுத்தான். அவர் அழுதிட்டார். அதுக்குப் பொறகு நான் எப்பிடிச் சொல்ற, நீ ஸ்கூலுக்குப் போ என்டு?"

நாங்கள் தயார்படுத்திய பேச்சில் ஒரு வரிகூட வாயில் வரவில்லை.

பிறகு அந்த மகன் இரண்டு நாள் லீவில் ஊருக்கு வந்திருந்தபோது பள்ளி வாசலில் கண்டோம். ஓடி ஒளியவில்லை. மரியாதையாக ஸலாம் சொன்னான். ஏன் மகன் இப்படிச் செய்தாய் என்று கேட்டோம். கொஞ்ச நேரம் கீழே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுச் சொன்னான்:

"கடைல மொதலாளி என்னப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார் சேர். ஸ்கூல்ல எனக்குப் பேர் இல்லதானே."

அவன் சொன்னது உண்மை. வகுப்பில் அவன் இருந்தது கடைசி மேசையில். ஆசிரியர் ஓய்வறையில் அவனைப் பற்றிப் பேசும்போது "அந்தக் கடைசி மேசை" என்றே சொல்லுவோம். அது எப்படியோ வகுப்புக்குள்ளும் போய்விட்டது. "கடைசி மேசை, எழும்பு" என்று நாங்களே கூப்பிட்டிருக்கிறோம். சிரிப்புக்குத்தான் சொன்னோம். வகுப்பே சிரித்தது, அவனும் சிரித்தான். அந்தச் சிரிப்பை நம்பி நாங்கள் ஏமாந்துவிட்டோம்.

கல்வியியற் கல்லூரியில் இடைவிலகல் என்று ஒரு பாடமே படித்தோம். வறுமை, பெற்றோரின் அறியாமை, தூரம் என்று காரணங்களை வரிசையாகப் பாடமாக்கி எழுதிப் புள்ளியும் எடுத்தோம். "ஆசிரியர் பிள்ளையின் பெயரை மறப்பது" என்று அந்த வரிசையில் ஒன்று இருந்ததாக ஞாபகம் இல்லை.

அன்றைக்கே பழைய இடாப்புகளை அலுமாரியிலிருந்து எடுத்துப் பார்த்தோம். ஆறாம் தரத்தில் அவன் வராத நாட்களை விரல்விட்டு எண்ணலாம். ஏழாம் தரத்தில் சந்தை நாட்களில் வரவில்லை. எட்டில் திங்கட்கிழமைகளும் சேர்ந்தன. ஒன்பதில் கணிதம் இரண்டு பாடவேளை தொடர்ந்து வரும் நாட்களில் வரவே இல்லை. பிள்ளை பாடசாலையை விட்டது இந்த நோன்பில் இல்லை. மூன்று வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டிருந்தான். எல்லாம் எங்கள் கையால் எழுதிய இடாப்பிலேயே இருந்தது. நாங்கள் வரவைக் கூட்டி மாத அறிக்கை அனுப்பினோமே தவிர, ஒரு நாளும் அதை வாசிக்கவில்லை.

அவனுடைய ஆறாம் தரக் கொப்பியையும் உம்மா எடுத்துத் தந்தார். பலகையில் எழுதியதைப் பார்த்து எழுதியிருக்கிறான், எழுத்து அழகு. ஆனால் அதை வாசிக்கச் சொன்னால் தடுமாறுவான் என்பது இப்போதுதான் எங்களுக்கு விளங்குகிறது. வாசிக்கத் தெரியாமல் ஆறாம் தரத்துக்கு வந்த பிள்ளைக்கு விஞ்ஞானம், வரலாறு, புவியியல் எல்லாமே ஒரு பூட்டுத்தான். ஐந்து வருடம் ஒன்றும் விளங்காத இடத்தில் தினமும் ஆறு மணித்தியாலம் இருப்பது லேசான காரியமா? பெரியவர்களாகிய நாங்கள் விளங்காத ஒரு கூட்டத்தில் அரை மணித்தியாலம் இருந்தாலே ஃபோனை எடுத்துவிடுகிறோம்.

காசு ஒரு காரணம் இல்லை என்று சொல்ல வரவில்லை. 1945 முதல் இந்த நாட்டில் கல்வி இலவசம். 1980 முதல் பாடப் புத்தகமும் 1993 முதல் சீருடையும் இலவசம். ஆனால் பஸ் காசு, கொப்பி, சப்பாத்து, டியூஷன், செயற்றிட்டச் செலவு எல்லாம் வீட்டின் தலையில்தான். 2020 இல் கொரோனாவுக்குப் பாடசாலைகளை மூடியபோது ஃபோன் இல்லாத வீட்டுப் பிள்ளைகள் பின்தங்கினார்கள். 2022 இல் எரிபொருள் இல்லாமல் மறுபடியும் மூடினார்கள், கொப்பி விலையும் ஏறியது. இன்று பத்தாம், பதினோராம் தரத்தில் இருப்பவர்கள் சின்ன வயதில் அப்படி வீட்டில் இருந்த பிள்ளைகள். இதை நாம் மறந்துவிட்டோம்.

எங்கள் வகுப்பில் தோட்டத்துப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அம்மா விடியவே கொழுந்து பறிக்கப் போனால் வீட்டில் சின்னவர்களைப் பார்ப்பது மூத்த பிள்ளை. தோட்டத்துப் பாடசாலைகள் பல ஐந்தாம் தரத்தோடு முடிந்துவிடும். அதற்குப் பிறகு மலை இறங்கி, பஸ் எடுத்து வர வேண்டும். ஒரு கிழமை மழை பெய்தால் ஒரு கிழமைப் படிப்பு போகிறது. சப்ரகமுவையில் மழைக்குக் குறைவு இல்லைதானே.

இனி அந்த மகளின் கதை. அவள் கெட்டிக்காரி, கணிதத்தில் வகுப்பில் முதல் மூன்று பேருக்குள் வருவாள். ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டால் வாப்பா ஒன்றும் சொல்லவில்லை. மூத்தம்மாதான் சொன்னார்: "பின்னேர கிளாஸ் முடிஞ்சி வாரப்ப இருட்டுப் பட்டுடுது. பஸ் ஹோல்ட்ல பொடியன்மார் நிக்கிறாங்க. ஊர் ஒரு கத சொன்னா யார் பொறுப்பு சேர்?" அந்தப் பின்னேர வகுப்பு பிள்ளைகளின் நன்மைக்கு என்று நாங்கள் தொடங்கியது. அது ஒரு பிள்ளையை வீட்டில் உட்கார வைத்திருக்கிறது.

அதிபருடன் பேசி அந்த வகுப்பைக் காலையில் பாடசாலை தொடங்குவதற்கு முன்னால் மாற்றினோம். அந்தப் பக்கத்திலிருந்து வரும் இன்னும் மூன்று பிள்ளைகளின் உம்மாமாரைக் கூப்பிட்டு, ஐவேளைத் தொழுகை மாதிரி நேரம் குறித்துக்கொண்டு, ஒவ்வொரு கிழமை ஒருவர் பிள்ளைகளோடு பஸ் ஹோல்ட் வரைக்கும் வருவது என்று பேசினோம். ஒரு சதம் செலவில்லை. அல்ஹம்துலில்லாஹ், அடுத்த கிழமையே அந்த மகள் வந்துவிட்டாள். இவ்வளவு லேசான விஷயம் என்று தெரிந்ததும் எங்களுக்கு வெட்கமாகத்தான் இருந்தது.

இனி ஊருக்குச் சில வார்த்தைகள்.

முதலாவது, பெற்றோருக்கு. பிள்ளை ஆறாம் தரத்தில் இருக்கும்போதே ஒரு பத்திரிகையைக் கொடுத்து நாலு வரி வாசிக்கச் சொல்லுங்கள். தடுமாறினால் அடிக்க வேண்டாம், எங்களிடம் வந்து சொல்லுங்கள். உங்களுக்கு வாசிக்கத் தெரியாது என்றால் பிள்ளை கதை மாதிரி ஓடிச் சொல்கிறதா, எழுத்தெழுத்தாக நிற்கிறதா என்று காது கொடுத்தால் போதும். விளங்கிவிடும்.

இரண்டாவது, கடை வைத்திருக்கும் எங்கள் ஊர் முதலாளிமாருக்கு. நீங்கள் நல்ல எண்ணத்தில்தான் ஊர்ப் பிள்ளைக்கு வேலை கொடுக்கிறீர்கள். ஆனால் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். கட்டாயக் கல்வி வயது முன்பு 14 வரை இருந்தது, 2016 இல் அதை 16 ஆக்கினார்கள். வேலைக்கு எடுக்கக்கூடிய குறைந்த வயதும் 2021 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கச் சட்டத்தோடு 16 ஆகிவிட்டது. ஆபத்தான தொழில் என்றால் 18. பதினைந்து வயது மகனைக் கடையில் நிறுத்துவதும் குழிக்குள் இறக்குவதும் உதவி இல்லை, சட்டப்படி குற்றம். நோன்பு மாதம் மட்டும்தான் என்றாலும் அப்படித்தான். 16 தாண்டிய பிள்ளை வந்தால் "ஓ எல் எழுதினாயா?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். எழுதவில்லை என்றால் பரீட்சைக்கு லீவு தருகிறேன், திரும்பி வந்தால் வேலை இருக்கும் என்று சொல்லுங்கள். நாங்கள் பத்துத் தரம் சொல்வதை விட முதலாளி ஒரு தரம் சொன்னால் அவன் கேட்பான்.

மூன்றாவது, பள்ளி நிர்வாகத்துக்கும் உதவி செய்யும் சகோதரர்களுக்கும். நீங்கள் கொடுக்கும் புத்தகப் பையும் சப்பாத்தும் பெரிய உதவி, அல்லாஹ் ஏற்றுக்கொள்ளட்டும். ஒரு வேண்டுகோள், ஃபோட்டோ வேண்டாம். சப்பாத்து வாங்கும் தன் படம் ஃபேஸ்புக்கில் வந்ததற்காக ஒரு கிழமை பாடசாலைக்கு வராத பிள்ளையை எங்களுக்குத் தெரியும். கொடுப்பவர் யாரென்று தெரியாமல், பஸ் சீசன் டிக்கட்டாக, கொப்பியாக எங்கள் மூலமோ பள்ளி மூலமோ கொடுங்கள். அன்றைக்கு 1945 இலேயே மர்ஹூம் ஏ.எம்.ஏ. அஸீஸ் அவர்கள் வசதியற்ற மாணவர்களுக்காக முஸ்லிம் கல்விச் சகாய நிதியைத் தொடங்கினார்கள். அதனால் படித்து ஆளானவர்கள் நாடெங்கும் இருக்கிறார்கள். ஊருக்கு ஒரு சின்ன நிதி நம்மால் முடியாத காரியம் இல்லை.

நாலாவது, பழைய மாணவர்களுக்கு. உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேறு வரும் வரைக்கும் வீட்டில் இருக்கும் தம்பிமாரே, தங்கச்சிமாரே, சனிக்கிழமையில் ஒரு மணித்தியாலம் தாருங்கள். ஆறாம், ஏழாம் தரத்தில் வாசிக்கத் தடுமாறும் பிள்ளைகளை ஒருவருக்கு இரண்டு பேராகப் பிரித்துத் தருகிறோம். ஆசிரியருக்கு முன்னால் வெட்கப்படும் பிள்ளை நானாவுக்கும் ராத்தாவுக்கும் முன்னால் வாய் திறக்கும்.

படிப்பு ஏறாத பிள்ளை என்ன செய்வது என்று சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. எல்லோரும் டாக்டராக வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. சாதாரண தரத்தில் சித்தியடையாத பிள்ளையும் 12, 13 ஆம் தரங்களில் தொழிற்பாடங்களைப் படிக்கும் 13 வருடக் கல்வித் திட்டம் 2017 முதல் நடக்கிறது. எல்லாப் பாடசாலைகளிலும் அது இல்லை என்பதுதான் குறை. தொழிற்பயிற்சி அதிகார சபை, நைட்டா, தொழில்நுட்பக் கல்லூரிகள் இருக்கின்றன. அங்கே படித்து என்.வி.கியூ. சான்றிதழ் எடுத்த மின்சாரத் தொழிலாளிக்கும், சும்மா பழகிய கைக்கும் வெளிநாட்டில் என்ன வித்தியாசம் என்று கட்டாரில் இருக்கும் உங்கள் தம்பியைக் கேட்டுப் பாருங்கள். கல் தொழிலுக்கும் கணக்கு வேண்டும், கரட்டுக்குக் கணக்குப் பார்க்கத் தெரியாதவனை யாரும் ஏமாற்றலாம். பதினோராம் தரம் வரைக்குமாவது பிள்ளை வகுப்பில் இருந்தால்தான் இந்தக் கதவுகள் எங்கே இருக்கின்றன என்று நாங்கள் காட்ட முடியும்.

கடைசியாக, எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொண்டது. மூன்று நாள் தொடர்ந்து ஒரு பிள்ளை வரவில்லை என்றால் அன்றைக்கே வீட்டுக்கு ஃபோன் எடுப்போம். ஒரு கிழமை என்றால் நேரில் போவோம். பிள்ளையை அதன் பெயரைத் தவிர வேறெதைச் சொல்லியும் கூப்பிட மாட்டோம். பெறுபேற்று வீதம் குறைந்துவிடும் என்று எந்தப் பிள்ளையையும் பரீட்சை எழுத வேண்டாம் என்று ஜாடையாகக்கூடச் சொல்ல மாட்டோம். அப்படி நடந்த காலமும் உண்டு என்பதால்தான் எழுதுகிறோம். இதில் நாங்கள் தவறினால் நேரில் வந்து கேளுங்கள், கோபிக்க மாட்டோம்.

நாலு பேரில் மகள் வந்துவிட்டாள். கல் குழிக்குப் போன மகனின் மாமா, நாங்கள் வயதுச் சட்டத்தைச் சொன்னதும் இனிக் கூட்டிப் போக மாட்டேன் என்று சொல்லியிருக்கிறார். அவன் இப்போது கிழமைக்கு மூன்று நாள் வருகிறான். ஐந்து நாளாக்க வேண்டும். கொழும்பில் இருக்கும் இரண்டு பேரும் இன்னும் வரவில்லை. அவர்களுடைய பெயரை இடாப்பிலிருந்து வெட்டவில்லை. தினமும் கூப்பிடுகிறோம், வகுப்புப் பிள்ளைகள் "கொழும்பில் சேர்" என்று பதில் சொல்கிறார்கள். அடுத்த வருடம் சாதாரண தரப் பரீட்சைக்கு விண்ணப்பம் நிரப்பும்போது அந்த இரண்டு பெயரும் அதில் இருக்க வேண்டும். அவர்கள் நிற்கும் கடைகளைத் தெரிந்தவர்கள் எங்களோடு பேசுங்கள். முதலாளிமாரைக் கண்டு பேச நாங்களே கொழும்புக்கு வருகிறோம்.

எங்கள் பிள்ளைகளுக்கு அல்லாஹ் பயனுள்ள கல்வியைத் தரட்டும். எங்களுடைய குறைகளை மன்னித்து, அதைத் திருத்திக்கொள்ளும் மனதையும் தரட்டும். ஆமீன்.

லைக் போடாவிட்டாலும் பரவாயில்லை, உங்கள் பக்கத்து வீட்டில் இந்தக் கிழமை பாடசாலைக்குப் போகாத பிள்ளை இருந்தால் அதை மட்டும் எங்களுக்குச் சொல்லுங்கள்.