“சின்ன வெங்காயம் விக்கிற விலைக்கு..!” - அம்மா சொன்ன பொய்

வெங்காயம் நறுக்கும்போது கண்ணீர் வராமலிருக்க என்ன செய்யலாம்? டிஜிட்டல் டெஸ்க்கில் சேர்ந்த இரண்டு வருடங்களில், இதைப் பற்றி மட்டும் மூன்று கட்டுரைகள் எழுதியிருக்கிறேன். கத்தி கூர்மையாக இருக்கட்டும், நறுக்குவதற்கு முன் கொஞ்ச நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள் என டிப்ஸ்களை அள்ளி விட்டிருக்கிறேன்.

நறுக்கும்போது வெங்காயத்தின் செல்கள் உடைந்து, தனித்தனியாக இருந்த நொதியும் கந்தகச் சேர்மமும் கலந்து உருவாகும் வாயுதான் கண்ணைக் கரிக்க வைக்கிறது. இதில் தனியாக ஒரு நொதிக்குப் பங்கு இருப்பதை 2002-ல் சொன்ன ஜப்பான் ஆய்வாளர்களுக்கு, 2013-ல் இக் நோபல் பரிசு கிடைத்தது. இவ்வளவும் தெரிந்த எனக்கு, எங்கள் வீட்டில் வெங்காய சாம்பார் ஏன் நின்றுபோனது என்பது மட்டும் தெரியவில்லை.

எங்களுக்குப் பெரம்பலூர் பக்கம். சின்ன வெங்காயம் விளைகிற பூமி. ஞாயிற்றுக்கிழமை என்றாலே முழு வெங்காயம் போட்ட சாம்பார்தான். ஆனால், ஒரு வருடமாக எப்போது ஊருக்குப் போனாலும் முருங்கைக்காய் சாம்பார்தான். கேட்டால், “சின்ன வெங்காயம் விக்கிற விலைக்கு சாம்பார் ஒண்ணுதான் குறைச்சல்” என்பார் அம்மா. நானும் நம்பினேன்.

போன மாதம் ஊருக்குப் போனபோது, அரை கிலோ சின்ன வெங்காயம் வாங்கிக்கொண்டு போனேன். “உரிச்சு வைம்மா, குளிச்சிட்டு வந்துடுறேன்” என்று சொல்லிவிட்டுப் போனேன். திரும்பி வந்து பார்த்தால், தட்டில் பத்து வெங்காயம்கூட இல்லை. அம்மா வலது கட்டை விரலை இடது கையால் அமுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

“என்னம்மா ஆச்சு?”

“விரல் மடங்க மாட்டேங்குதுடி. அது ஆச்சு ஒரு வருஷம்.”

“ஏன் சொல்லல?”

“வெங்காயம் உரிக்க முடியலன்னு ஆபீஸ்ல இருக்குற புள்ளைக்கு யாராச்சும் போன் போட்டுச் சொல்லுவாங்களா?”

பதில் சொல்ல முடியவில்லை. தட்டை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். அம்மா சொல்லச் சொல்லச் செய்தேன். முதலில் கால் மணி நேரம் தண்ணீரில் ஊறப்போட வேண்டும். தோல் இளகியதும், தலைப்பக்கம் லேசாகக் கிள்ளி, வேர்ப்பக்கமாக இழுத்தால் மேல் தோல் மொத்தமாக வந்துவிடும். கேட்கச் சுலபம்தான். ஆனால், அரை கிலோவை உரித்து முடிக்க எனக்கு முக்கால் மணி நேரம் ஆனது. நகக்கண் எரிந்தது. கழுத்து வலித்தது. வாரா வாரம் இதைத்தான் அம்மா செய்துகொண்டிருந்தார். நாங்கள் சாப்பிட்டுவிட்டு, “உப்பு கொஞ்சம் கம்மி” என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

மறுநாளே அம்மாவை டாக்டரிடம் அழைத்துப் போனேன். விரலுக்கு ஓய்வு கொடுக்கச் சொன்னார். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் டி.வி முன்னால் உட்கார்ந்து வெங்காயம் உரிப்பது அப்பா. “இவ்ளோ வேலையா இது!” என்று அவர் ஒவ்வொரு வாரமும் அலுத்துக்கொள்வதாக அம்மா போனில் சொல்லிச் சிரிக்கிறார்.

என் மூன்று கட்டுரைகளிலும் இல்லாத ஒரு டிப்ஸ் இப்போது என்னிடம் இருக்கிறது. உங்கள் வீட்டில் அடிக்கடி செய்த ஒரு சமையல் திடீரென நின்றுபோயிருந்தால், காரணம் கேளுங்கள். கேட்டுவிட்டு, சமைத்தவரின் கையையும் ஒருமுறை பாருங்கள்.