கனவில் வந்தவரும் கைக்கடிகாரமும்



போன மாதம் விடியற்காலையில் ஒரு கனவு. எங்க வீட்டுக்காரர் திண்ணையில் உட்கார்ந்து கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துக்கொண்டிருந்தார். அவர் போய் மூன்று வருடமாகிறதே, அப்படியானால் இது கனவு என்று கனவுக்குள்ளேயே தெரிந்துவிட்டது. "என்னங்க!" என்று கூப்பிட்டேன். அவ்வளவுதான், விழித்துவிட்டேன். அன்று முழுக்க என் மேலேயே எனக்குக் கோபம்.

பேரனிடம் சொன்னேன். இதற்கு 'லூசிட் ட்ரீம்' என்று பெயராம். (வகுப்பில் யாரையாவது லூசு என்றால் பெஞ்சு மேல் ஏற்றுவேனே, அந்த லூசு இல்லை!) 1975-இல் இங்கிலாந்தில் ஹல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹெர்ன் என்பவர், தூங்குகிறவர் கனவுக்குள்ளிருந்தே கண்ணை இடமும் வலமும் அசைத்துக் காட்டிய சைகையைப் பதிவு செய்திருக்கிறார். கனவு என்று தெரிந்ததும் படபடத்தால் கலைந்துவிடும். அமெரிக்க ஆராய்ச்சியாளர் ஸ்டீபன் லாபெர்ஜ் சொல்லும் வழி, கனவிலேயே உள்ளங்கைகளைத் தேய்ப்பது, இல்லாவிட்டால் நின்ற இடத்தில் சுற்றுவது. 67 வயதில் கனவில்கூடச் சுற்ற எனக்குப் பயம்.

நேற்று மறுபடி வந்தார். கூப்பிடவில்லை. கையைத் தேய்த்துக்கொண்டே பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். திண்ணையின் குளிர்ச்சிகூடத் தெரிந்தது. ஆஸ்பத்திரியில் கடைசி ராத்திரி அவரைத் தனியாக விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேனே, அதில் வருத்தமா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. என் மனசு எழுதிக்கொடுக்கிற பதிலைத்தானே சொல்வார்? சாவி கொடுத்து முடிக்கிற வரை பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் பால்காரர் மணி அடித்தார்.